திறந்தாச்சு என்று சொன்னார்கள்

என் நெஞ்சுக்குள் வலது பக்கத்து இரத்தக்குழாய் ஒன்று முழுதாக அடைபட்டிருந்தது. கை மணிக்கட்டு வழியாக மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அதைத் திறக்கப் பார்த்தார்கள். திறந்தாச்சு என்று எனக்குச் சொன்னார்கள். ஆறு வாரம் அந்தச் சொல்லை நம்பி நடந்தேன், தையல் மெசின் மிதித்தேன், சந்தையிலிருந்து பூசணிக்காய் சுமந்தேன். அந்த ஆறு வாரமும் குழாய் மூடியபடிதான் கிடந்தது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. சொல்லவேண்டியவர்களுக்கு நேரிலேயே மனம் ஆறச் சொல்லிவிட்டேன். இப்படி அன்பாலே ஏமாற்றப்பட்டுக் கட்டிலில் கிடப்பவர்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்களுடைய வீட்டு ஆட்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. முன்னறையில் என் தையல் மெசின். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் சாறிச் சட்டை தைத்துக் கொடுக்கிறேன். காலால் மிதிக்கிற மெசின். மோட்டார் பூட்டச் சொல்லிக் கணவர் சொல்லாத மாதமில்லை. மோட்டாருக்கு என் கால் சொல்வது விளங்காது என்று மறுத்துவிட்டேன்.

அவர் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் சைக்கிளில் கடிதம் கொடுத்தவர். தந்தி இருந்த காலத்தில் சாவுத் தந்தியும் அவர்தான் கொண்டுபோவார். அதற்கென்று அவரிடம் ஒரு முறை இருந்தது. படலையில் நின்று கூப்பிடமாட்டார். உள்ளே போய்க் கதிரையில் இருந்து, "கொஞ்சம் தண்ணி தாருங்கோ" என்பார். தண்ணீர் எடுக்க ஒருவர் குசினிக்குப் போய்வருவதற்குள், இந்த வீட்டில் யார் தாங்கக்கூடியவர், யார் கையில் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொள்வார். போகப்போக ஊருக்கு அது தெரிந்துவிட்டது. புத்தூர்ப் பக்கம் வேலை செய்தபோது, ஒரு கொதிக்கிற மத்தியானம் உண்மையிலேயே தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்க, வீட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் குழறி அழத் தொடங்கிவிட்டார்களாம். அன்றிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோனார். எங்கள் வீட்டிலும் யாரிடமும் தண்ணீர் கேட்கமாட்டார். தானே எழும்பிப்போய் வார்த்துக் குடிப்பார்.

எனக்கு நெஞ்சு நோ வந்தது மெசினில் இருக்கும்போதுதான். நீளமான தையல் ஒன்றை நிறுத்தாமல் மிதித்தால், நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். பிறகு அது கழுத்தில் ஏறித் தாடையில் வந்து நிற்கும். மிதிப்பதை விட்டால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடித்தேன். வாய்வு என்று இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். நெஞ்சுவலி ஆம்பிளைகளுக்கு வருகிற வருத்தம் என்று எங்கேயோ ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. சந்தைக்குப் போகும்போது நடுவில் நின்று செருப்பைக் கழற்றிக் கல்லைத் தட்டுகிற மாதிரி நடிக்கவும் பழகிவிட்டேன். அந்தச் செருப்புக்குள் ஒரு நாளும் கல் இருந்ததில்லை.

கடைசியில், சட்டை அளவு கொடுக்க வந்த மருத்துவபீடப் பிள்ளை ஒன்று, நான் மெசினில் தலையைச் சாய்த்திருப்பதைப் பார்த்துக் கணவரிடம் சொல்லிவிட்டது. அடுத்த நாளே ஆஸ்பத்திரி.

வெளிநோயாளர் பிரிவு வாங்கில் குந்திக் காத்திருந்து என் முறை வந்தது. ஈசிஜி எடுத்தார்கள். ஓடுகிற பட்டியின்மேல் நடக்கவிட்டார்கள். கொஞ்சம் வேகம் கூட்டியதும் தாடை இறுகியது, அவர்களே நிறுத்திவிட்டார்கள். எக்கோ என்று ஒரு ஸ்கான். இதயத்தின் அடிப்பக்கத் தசை சோம்பலாக அசைகிறது, ஆனால் செத்துப்போகவில்லை என்றார்கள். பிறகு அஞ்சியோகிராம். மணிக்கட்டில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி, இதயத்தின் வாசல்வரை கொண்டுபோய், மருந்துச் சாயத்தைப் பாய்ச்சிப் படம் பிடிப்பது. சாயம் போகிற இடமெல்லாம் குழாய் கறுப்பாகத் தெரியும். என் வலது குழாயில் சாயம் இரண்டு அங்குலம் போய், மொட்டையாக நின்றது.

வார்டு டொக்டர் ஒரு இளம் பெண். கட்டில் விளிம்பில் இருந்து விளங்கப்படுத்தினாள்.

"அம்மா, இது நேற்று முந்தநாள் வந்த அடைப்பில்லை. மாதக்கணக்காய், சிலவேளை வருசக்கணக்காய் இருந்திருக்கும். உள்ளுக்கை சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போச்சு."

"அப்ப நான் எப்பிடிப் பிள்ளை இன்னும் உயிரோடை இருக்கிறன்?"

"இடது பக்கத்துக் குழாயிலையிருந்து சின்னச் சின்னக் கிளையள் வந்து அங்காலை இரத்தம் குடுக்குது. றோட்டை மறிச்சா சனம் ஒழுங்கையாலை சுத்திப் போறேல்லையோ, அப்பிடி. சும்மா இருக்கேக்கை அந்த இரத்தம் போதும். மெசின் மிதிக்கேக்கை காணாது."

செய்யக்கூடியவற்றையும் சொன்னாள். மருந்துக் குளிசையோடு மட்டும் இருக்கலாம். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யலாம். அல்லது கம்பியை விட்டு அடைப்பைத் துளைத்து, பலூனால் அகட்டி, ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை உள்ளே வைக்கலாம். "திறந்தா ஆயுள் கூடுமெண்டு நான் சொல்லமாட்டன் அம்மா. நோ குறையும், வேலை செய்யலாம். அதுக்காகத்தான் செய்யிறது" என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துப்போனது. ஆனால் அதற்குமேல் அவள் சொன்னதைக் கேட்கவிடாமல், "நாங்கள் கதைச்சு முடிவெடுக்கிறம் டொக்டர்" என்று கணவர் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஆபத்துகளை விறாந்தையில் வைத்து அவருக்குத்தான் சொன்னாள். எங்கள் ஆக்களிடம் அதுதான் வழக்கம். வருத்தம் வந்தவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் வருத்தத்தைப் பற்றி முழுதாகத் தெரிந்திருக்கும்.

முதல் முறை உள்ளே போனபோது நான் பயந்து நடுங்கியதால் மயக்கமாக இருக்க ஊசி போட்டார்கள். குளிர் அறை, தலைக்குமேல் சுற்றுகிற பெரிய கருவி, யாரோ "இன்னும் ஒருக்காப் பாப்பம்" என்றது, இவ்வளவுதான் நினைவில் நின்றது. டொக்டர் முடிவில் என்னிடமும் ஏதோ சொன்னாராம். நான் "ஓம், ஓம்" என்றேனாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

வார்டுக்கு வந்து கண் தெளிந்தபோது கணவர் பக்கத்தில் இருந்தார். முகம் துவாயால் துடைத்ததுபோல வெறுமையாக இருந்தது.

"ரஞ்சி, அந்தப் போத்தலை ஒருக்கா எடுத்துத் தாரும். தண்ணி குடிப்பம்."

கட்டுப்போட்ட கையை அசைக்காமல் மற்றக் கையால் எடுத்துக் கொடுத்தேன். குடித்தார். மூடியைத் திருகினார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. அடைப்புத் திறந்தாச்சு. இனி நீர் பயப்பிடத் தேவையில்லை."

நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். சந்தோசத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மேசையில் ஆறு சாறிச் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் மனிசன் கொழுக்கி தைத்திருக்கிறார். ஆறு சட்டையிலும் கொழுக்கி வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. சிரித்துச் சிரித்து எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன். சிரிக்கும்போதே நெஞ்சில் அந்தக் கை வந்து அழுத்தியது.

அழுத்தியதும் எனக்கு வந்தது பயம் அல்ல, வெட்கம். திறந்த குழாய் எப்படி நோகும்? இது மனப்பிரமை, அல்லது உண்மையாகவே வாய்வு. இவ்வளவு பேர் பாடுபட்டுத் திறந்த பிறகும் நோகுது என்றால் அந்த மனிசன் இடிந்துபோவார். ஆகவே மறைத்தேன். நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசையைக் காட்டி, "இனி உது எனக்குத் தேவையோ?" என்று கேட்டேன். "கையோடை வைச்சிரும்" என்றார், ஏன் என்று சொல்லவில்லை. நான் அதை மெசின் லாச்சிக்குள், நூல் கட்டைகளோடு போட்டுவிட்டேன். நான் முறையிடாததைப் பார்த்து, மற்றக் குளிசைகள் நன்றாக வேலை செய்கின்றன என்று அவர் நினைத்தார். அவர் சொன்னதை நம்பி நான் நடந்தேன். நான் நடப்பதைப் பார்த்து அவர் நிம்மதியாக இருந்தார்.

ஆறாவது வாரம், ஒரு காலை, திருநெல்வேலிச் சந்தையில் அரைப் பூசணிக்காயும் மூன்று தேங்காயும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். செருப்பில் கல் தட்டுகிற இடத்தில் நின்றேன். வழக்கம்போல அது போகவில்லை. தாடை கழன்று விழுவதுபோல நொந்தது. இடக்கை மரத்தது. வியர்வை ஊற்றிச் சட்டை நனைந்தது. மதகுக் கட்டில் குந்தி, குடலே வெளியே வருவதுபோலச் சத்தி எடுத்தேன். கீரை விற்கிற மனிசி ஓடிவந்து பிடித்து ஓட்டோவில் ஏற்றி, வீட்டுக்கும் ஆள் அனுப்பினாள். சாகப்போகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது. திறந்த குழாயோடு சாகிறேனே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

அவசரப் பிரிவில் நாக்குக்குக் கீழே மருந்து அடித்தார்கள், ஊசி போட்டார்கள். நோ மெல்ல இறங்கியது. அதே இளம் டொக்டர் வந்தாள். அவளுக்குப் பின்னால் கணவர். சைக்கிளில் வந்தவர், முகமெல்லாம் வியர்வை. "சைக்கிள் செயின் கழண்டிட்டுது, அதுதான் பிந்திப்போச்சு" என்றபடி கிளினிக் கொப்பியை நீட்டினார். டொக்டர் அதைப் புரட்டினாள்.

"அம்மா, நாக்குக்குக் கீழை வைக்கிற குளிசை வைச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை. அடைப்புத் திறந்தபிறகு ஏனெண்டு வைக்கேல்லை."

அவள் கொப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"திறக்கேல்லையே அம்மா. போனமுறை கம்பி அடைப்புக்குள்ளாலை போகேல்லை. குழாயின்ரை சுவருக்குள்ளை போகப் பாத்தது. அதாலை நிப்பாட்டினவை. ஆறினபிறகு திருப்பிச் செய்யிறதெண்டு எழுதியிருக்கு. உங்களுக்குத் தெரியாதோ?"

கொப்பி இங்கிலீசில்தான் இருந்தது, டொக்டர்மாரின் கையெழுத்தில். எப்போதும் அவருடைய பையில்தான் இருந்தது. தண்ணீர்ப் போத்தல் நினைவுக்கு வந்தது. வீட்டில் ஒரு நாளும் யாரிடமும் தண்ணீர் கேட்காத மனிசன் அன்று என்னிடம் கேட்டார். நான் தாங்குவேனா என்று பார்க்கத்தான் கேட்டிருக்கிறார். பார்த்துவிட்டு, தாங்கமாட்டாள் என்று முடிவெடுத்து, தந்தியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் முழுக்க அவரோடு நான் கதைக்கவில்லை. இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார். சாப்பிட்டேன், ஆனால் கதைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் குருநகர் பிலோமினா அக்கா இருந்தார். மீன் விற்கிறவர், வார்டு முழுக்கக் கேட்கிற குரல். அவருக்கும் என்னைப்போலவே ஒரு குழாய் முழுசாக அடைப்பு.

"ஏன் பிள்ளை, அந்த மனிசன் நாய்க்குட்டி மாதிரி நிக்குது. என்ன செய்தவர்?"

சொன்னேன். அவர் கையை உதறினார்.

"என்ரை பிள்ளையளும் ஒளிக்கத்தான் பாத்ததுகள். நான் டொக்டரைப் பிடிச்சுக் கேட்டன், செத்தா எப்பிடிச் சாவன் எண்டு. எல்லாம் சொன்னவர். இப்ப எனக்கு நல்லா நித்திரை வருது."

பின்னேரம் பார்வையாளர் நேரத்தில் கணவர் வந்து கட்டிலடியில் நின்றார். நான்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணி வாங்கிக் குடிச்சனீங்கள் எல்லே, அண்டைக்கு?"

"ஓம்."

"குடிச்சிட்டு ஏன் சொல்லேல்லை?"

"பெரியக்காவுக்குப் போன் எடுத்தனான். அவ சொல்லவேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவ."

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிற என் பெரியக்காவுக்கு இதில் ஒரு காரணம் இருந்தது. எங்கள் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று அவரிடமே வாய் தவறிச் சொன்னது அவதான். அப்பா அன்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், மூன்று நாளில் போய்விட்டார். அந்தக் கதை எங்கள் குடும்பத்தில் சட்டம்போல ஆகிவிட்டது.

"நான் ஆரின்ரை சாவுத் தந்தியையும் ஒளிச்சு வைச்சதில்லை ரஞ்சி. முப்பது வருசத்திலை ஒண்டுகூட இல்லை. உம்மடை முகத்தைப் பாத்து எனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

அழுதார். எனக்கு இரக்கம் வந்தது. ஆத்திரமும் போகவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"நானும் ஒளிச்சனான். ஒவ்வொரு நாளும் நொந்தது. உங்களுக்குச் சொல்லேல்லை. ரெண்டுபேருமாச் சேந்து என்னைக் கொல்லப் பாத்திருக்கிறம். இனி நான் உங்களுக்கு ஒளிக்கமாட்டன். நீங்களும் ஒளிக்கக்கூடாது. என்ன செய்தியெண்டாலும் தண்ணியைக் குடிச்சிட்டுச் சொல்லவேணும்."

"ஓம்" என்றார். அவருடைய கையை என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன்.

இரண்டாம் முறை செய்வதற்கு, இப்படிப்பட்ட அடைப்புகளில் கைதேர்ந்த ஒரு டொக்டர் கொழும்பிலிருந்து வருவார் என்றார்கள். இம்முறை விறாந்தைக் கதை கிடையாது என்று இளம் டொக்டரிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒரு கடதாசியில் படம் கீறினாள்.

"மூண்டு வகையாய் முடியலாம் அம்மா. ஒண்டு, திறக்கும். ரெண்டாவது, போனமுறை மாதிரித் திறக்காது, குளிசையோடை இருப்பியள். மூண்டாவது, கம்பி குழாயைத் துளைச்சு, இதயத்தைச் சுத்தியிருக்கிற பைக்குள்ளை இரத்தம் நிரம்பும். அப்பிடியெண்டா உடனை ஊசியாலை இழுத்தெடுக்கவேணும். சிலவேளை உயிருக்கும் ஆபத்து."

"இந்தமுறை என்ன வித்தியாசமாச் செய்வியள்?"

"முன்பக்கத்தாலை போகாட்டி, அந்தச் சின்ன ஒழுங்கையளுக்குள்ளாலை சுத்திப்போய் அடைப்பின்ரை பின்பக்கத்தாலை வருவம்."

எனக்கு அது உடனே விளங்கியது. உள்பாவாடைக்கு நாடா கோர்க்கும்போது, சேப்டி பின் தையல் மடிப்பில் முட்டி நிற்கும். இன்னும் தள்ளினால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அப்போது மற்ற முனையிலிருந்து வேறொரு பின்னை விட்டுத்தான் எடுக்கவேண்டும். டொக்டருக்கு இதைச் சொன்னேன். "அதேதான் அம்மா. ஆனா எங்கடை துணி நல்ல மெல்லிசு" என்றாள். அந்தக் கடைசி வசனம் எனக்குள் போய் இருந்துகொண்டது.

அந்த டொக்டர் வந்த நாளில் முதலில் பிலோமினா அக்கா, அடுத்தது நான் என்று வரிசை. அக்கா சக்கரக் கட்டிலில் போகும்போது கழுத்துச் செபமாலையைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, "கெதியாய் வா பிள்ளை, உள்ளுக்கை குளிராம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

ஒரு மணித்தியாலம் போனது. இரண்டு போனது. பிறகு விறாந்தையில் ஓடுகிற சத்தம். ஆஸ்பத்திரியில் தாதிமார் வேகமாக நடப்பார்கள், ஓடமாட்டார்கள். ஒருத்தி இரத்தப் பைகளோடு ஓடினாள். ஒருவர் கருவி ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஓடினார். கதவு திறந்தது, மூடியது. அக்காவின் மகள் சுவரில் சாய்ந்து நின்றது யன்னலூடாகத் தெரிந்தது. செபமாலை மணிகள் அவளுடைய விரலில் நகரவே இல்லை. என்னைத் தயார்ப்படுத்த வரவேண்டிய தாதி வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் அக்காவின் வெற்றிலைப் பை மட்டும் கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகுதான் இளம் டொக்டர் வந்தாள். களைத்திருந்தாள்.

"அவ இருக்கிறாவோ பிள்ளை?"

"இருக்கிறா. ஐசீயூவிலை. அவவின்ரை விசயம் அவவின்ரை ஆக்களுக்குத்தான் நான் சொல்லலாம். ஆனா நான் கீறிக்காட்டின மூண்டாவது வகை ஞாபகமிருக்கோ?"

"இருக்கு."

"அது கடதாசியிலை மட்டும் வாறதில்லை. உங்களை நாளைக்குத்தான் எடுப்பம். வேண்டாமெண்டா வேண்டாம், ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்."

கணவர் அவள் போனதும் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "வீட்டை போவம் ரஞ்சி. மெசினை விப்பம். குளிசையோடை இரும். எனக்குப் பயமாயிருக்கு. உம்மை விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது."

எங்கள் முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் தனக்குப் பயம் என்று அவர் சொன்னது அதுதான் முதல்தரம். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயம் எதைப்பற்றியது என்று எனக்குத் தெரிந்திருந்தது. முன்பு அப்படி இருக்கவில்லை. இருபது அடி நடந்து செருப்பில் கல் தட்டுகிற சீவியம் எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். அடுத்த நாள் காலை, ஒப்புதல் படிவத்தில் என் கையெழுத்தை நானே வைத்தேன்.

மேசையில் படுத்ததும், "எனக்கு நித்திரை ஊசி வேண்டாம், நான் பாக்கவேணும்" என்றேன். கொழும்பு டொக்டர் சிரித்தார். கொஞ்சமாகத்தான் போட்டார்கள். கையாலும் தொடைமடியாலும் இரண்டு குழாய்கள் போயின. திரையில் என் இதயம் சாம்பல் நிறத்தில் துடித்தது. முன்பக்கத்தால் போன கம்பி முட்டியது, வளைந்தது, திரும்பி வந்தது. திரும்பத் திரும்ப அதே இடம். முதுகு உளைந்தது. "சுவருக்குள்ளை போகுது, எடுங்கோ" என்று ஒருவர் சொன்னது கேட்டது. எனக்கு அந்தச் சொற்கள் விளங்கின. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு கணம் நினைத்தேன்.

பிறகு இடது பக்கத்தால் விட்டார்கள். தலைமயிர்போல ஒரு கோடு, சின்னக் கிளை ஒன்றுக்குள் நெளிந்து நெளிந்து போனது. கருவி ஒன்றின் பீப் சத்தத்தை எண்ணினேன். எண்ணிக்கை தவறியது, திரும்பத் தொடங்கினேன். கோடு அடைப்பின் பின்பக்கம் வந்து நின்றது. எவ்வளவு நேரம் நின்றதோ தெரியாது.

"அம்மா, இப்ப நெஞ்சு நோகும். பலூன் ஊதுறம்" என்றார்.

நொந்தது. மெசினில் வருகிற அதே கை, அதே தாடை. இதுதான் மூன்றாவது வகையோ என்று நினைத்தேன். கண்ணை மூடவில்லை. பிறகு சாயத்தைப் பாய்ச்சினார்கள். ஒவ்வொரு முறையும் மொட்டையாக நின்ற அந்த இடத்தைத் தாண்டி, கறுப்புக் கோடு கீழே கீழே போய், கிளை பிரிந்து, திரையின் அடிவரை நிரம்பியது. நான் பார்த்தேன். எனக்கு ஒருவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

வெளியே கொண்டுவந்தபோது கணவர் வெறும் கையோடு ஓடிவந்தார். தண்ணீர் கேட்கவில்லை.

பிலோமினா அக்கா நாலு நாளைக்குப் பிறகு வார்டுக்கு வந்தார். முகம் சுருங்கியிருந்தது, குரல் மட்டும் பாதியாவது மிச்சமிருந்தது. "என்ரை திறபடேல்லைப் பிள்ளை. துளைச்சுப்போட்டாங்களாம், பிறகு அடைச்சுப்போட்டாங்களாம். தெரிஞ்சுதானே போனனான்" என்றார். இப்போதும் குளிசையோடு இருக்கிறார். மீன் விற்பதில்லை. மகள் விற்கிறாள், அக்கா கதிரையில் இருந்து அவளைப் பிழை பிடிக்கிறார். ஒரே நோய், ஒரே மேசை, ஒரே கைகள். அவருக்கு அப்படி, எனக்கு இப்படி. ஏன் என்று டொக்டரிடம் கேட்டேன். சில குழாய் விடும், சில விடாது என்றாள்.

வீட்டுக்கு வந்து நாலு மாதமாகிறது. மெசின் மிதிக்கிறேன், நோ இல்லை. இரத்தம் உறையாமல் இருக்கிற குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது, விட்டால் வைத்த வலைக்குழாய் திடீரென்று அடைக்கும் என்று எச்சரித்திருக்கிறார்கள். சுவரில் கலண்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பெரியக்கா போனில் "இப்ப உண்மையாவே சுகமோ?" என்று கேட்டு என்னிடம் பேச்சு வாங்குகிறார்.

போன கிழமை ஒரு காலை. கணவர் மூன்று சட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனவர், வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார். படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பது யன்னலால் தெரிந்தது.

"என்னப்பா, செயின் கழண்டிட்டுதோ?" என்று உள்ளே இருந்து கேட்டேன்.

சைக்கிளை மதிலில் சாத்தினார். உள்ளே வந்து, சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் இருக்கிற கதிரையில் இருந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்தார். கைகள் சுத்தமாக இருந்தன. ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அன்றும் அப்படித்தான் இருந்தன. அன்று செயின் கழன்றதென்று சொல்லி அவர் கொப்பியை நீட்டிய கையில் ஒரு பொட்டுக் கிறீஸ் இல்லாதது இப்போதுதான் எனக்கு உறைத்தது; அன்றும் உள்ளே வரப் பயந்து வாசலில் நின்றிருக்கிறார்.

"ரஞ்சி" என்றார். "கொஞ்சம் தண்ணி தாரும்."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. எழும்பிக் குசினிக்குப் போய், செம்பில் தண்ணீர் வார்த்தேன். பாதி நிலத்தில் சிந்தியது. திரும்பவும் வார்த்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் முழுவதையும் குடித்து முடிக்கும்வரை முன்னால் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தபடியே நின்றேன்.

"சொல்லுங்கோ" என்றேன்.